எமர்ஜென்சியில் முதல் டியூட்டி: புதிய டாக்டருக்கு ஒரு வழிகாட்டி

முதல் எமர்ஜென்சி டியூட்டிக்கு முந்தின இரவு பலரும் தடித்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்துவைத்து அரிய நோய்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். மூடி வைத்துவிட்டுத் தூங்குங்கள். நாளைக்கு உங்களை யாரும் அரிய நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லப்போவதில்லை. வந்திருப்பவர்களில் யார் நிலை மோசம் என்று கண்டுகொள்ள வேண்டும், அதைச் சொல்ல வேண்டியவரிடம் உடனே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. நோயின் பெயர் ஒரு மணி நேரம் கழித்துத் தெரியலாம், சில சமயம் மறுநாள் வார்டில்தான் தெரியவரும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. மூச்சுவிடத் திணறுகிறவர் ஒருவர் மூலைக் கட்டிலில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பதுதான் கெடுதல்.

கீழே வரும் மருந்து அளவுகள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு எல்லாமே எடையை வைத்துத்தான், முதல் நாள் அதைத் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.

முந்தின நாளே முடித்துவிடுங்கள்

அடையாள அட்டை, கணினிக்கான கடவுச்சொல், கதவு திறக்கும் எண், ரத்த வங்கிக்கும் எக்ஸ்ரேவுக்கும் போன் எண்கள். முதல் நாளில் நேரம் வீணாவது நோயாளிகளிடம் அல்ல, ஒரு ரத்தப் பரிசோதனையைக் கணினியில் பதிய முடியாமல் விழித்துக்கொண்டு நிற்பதில்தான். வசதியான செருப்போ ஷூவோ, முன்பக்கம் மூடியதாக இருக்கட்டும். பேனா மூன்று வேண்டும், இரண்டு எப்படியும் கைமாறிப் போய்விடும். விநாடி முள் உள்ள கடிகாரம் அவசியம். மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது என்று விதி இருந்தால் சட்டையில் மாட்டும் கடிகாரம். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்

டியூட்டி எட்டு மணிக்கு என்றால் ஏழரைக்கே உள்ளே இருங்கள். முதலில் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் போய், பெயரைச் சொல்லி, இன்றுதான் முதல் நாள் என்றும் சொல்லிவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டால் அவரே உங்கள் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்வார்.

அப்புறம் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களை வைத்துப் பார்க்கும் ரெசஸ் அறைக்குப் போய்ப் பொருள்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். அவசர டிராலி எங்கே, எந்த இழுப்பறையில் என்ன? சீல் வைத்திருந்தால் பிரிக்க வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் பட்டியலைப் படித்தால் போதும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை எப்படி ஆன் செய்வது, பேட் எங்கே செருகப்படுகிறது? சக்‌ஷனைப் போட்டு விரலை வைத்துப் பாருங்கள், தொண்டையில் தேங்குவதை உறிஞ்சும் இந்தக் கருவி இழுக்கிறதா? ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது? கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், முகக்கவசம், சுகர் பார்க்கும் கருவி, ரத்த வாயு இயந்திரம், ஊசி போடும் டப்பா, உதவிக்கு அடிக்கும் மணி. பதினைந்து நிமிட வேலை. ஒருவர் வாந்தியை உள்ளிழுத்து நீலம் பாரிக்கும்போது சக்‌ஷன் குழாயைத் தேடி ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிஸ்டர்களைப் பற்றி இன்னொரு விஷயம். பல வருடம் எமர்ஜென்சியில் வேலை பார்த்த ஒருவர் உங்களிடம் வந்து, “டாக்டர், ஏழாம் நம்பர் பெட்டை ஒரு தடவை பார்த்துடுங்க” என்று சாதாரணமாகச் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார், அவருக்கே காரணம் தெரியாமலும் இருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும் கேஸ் ஷீட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போங்கள். மானிட்டர் அலறுவதற்கு அரை மணி நேரம் முன்பே அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது.

முதல் நோயாளியை எடுப்பது

வருகிறவர்களை ட்ரையாஜில், அதாவது யார் அவசரம் என்று தரம் பிரிக்கும் இடத்தில், நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். பல நாடுகளில் புழங்கும் மான்செஸ்டர் முறையில் சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. உங்கள் இடத்தில் வேறு முறை இருக்கலாம், வரிசை இதே வரிசைதான். முதல் நாளில் விரலில் வெட்டுக்காயம், கணுக்கால் சுளுக்கு என்று பச்சையாகப் பார்த்து எடுக்க மனசு போகும். வரிசைப்படி எடுங்கள். பயமாக இருக்கும் கேஸைச் சீனியரோடு சேர்ந்து எடுங்கள், கற்றுக்கொள்வதும் அப்படித்தான்.

நிறம் என்பது ட்ரையாஜ் செய்த அந்த நிமிடத்துக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு மஞ்சளாக உட்கார்ந்தவர் இப்போது சிவப்பாகியிருக்கலாம். காத்திருப்போர் பக்கம் நடக்கும்போதெல்லாம் முகங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் நல்லது.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நோயாளியைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது வேறு எதையும் செய்யாமல் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். வீட்டில் மாத்திரை அட்டைகள் காலியாகக் கிடந்தனவா, வண்டி எவ்வளவு நசுங்கியிருந்தது, வழியில் வலிப்பு வந்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கிளம்பிப் போனால் அந்தத் தகவலும் போய்விடும்.

கதவிலிருந்தே பாருங்கள், பிறகு எழுத்து வரிசை

கட்டிலுக்கு நடந்து போகும் சில விநாடிகளில் பாதி தெரிந்துவிடும். படுத்திருக்கிறாரா, மூச்சுக்காக முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? வியர்த்திருக்கிறதா? முகம் வெளிறியிருக்கிறதா? நீங்கள் வருவதைக் கவனிக்கிறாரா? வலியில் கத்துகிறவரைவிட, சத்தமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் வியர்த்துக் கிடப்பவர்தான் முதலில்.

நிலை மோசம் என்று பட்டால் நோய் வரலாறு கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஏ, பி, சி, டி, இ என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு எழுத்திலும் கோளாறு கண்ட இடத்திலேயே அதைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஐந்தையும் பார்த்து எழுதி முடித்துவிட்டு ஆக்சிஜன் வைப்பதில் அர்த்தமில்லை.

ஏ என்பது சுவாசப்பாதை. பெயரைக் கேளுங்கள். தெளிவான குரலில் பதில் வந்தால் இப்போதைக்குப் பாதை திறந்திருக்கிறது. குறட்டைபோல் சத்தம் வந்தால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது, தாடையை முன்னால் தூக்குங்கள். களகள என்றால் சக்‌ஷன். மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அதே இடத்தில் நின்றபடி மயக்க மருந்து டாக்டரையும் சீனியரையும் அழைக்கச் சொல்லுங்கள்.

பி என்பது மூச்சு. கடிகாரம் இதற்குத்தான். மூச்சு எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்கள். எந்த மருத்துவமனையின் சார்ட்டை எடுத்தாலும் வார்டு முழுக்க எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் அதன் பொருள். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். 12 முதல் 20 வரை இயல்பு. 25-க்கு மேல் போனால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். உடம்பு எதையோ ஈடுகட்டப் பாடுபடுகிறது, ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம், தொற்று உடம்பு முழுதையும் பாதிக்கும் செப்சிஸாக இருக்கலாம். மோசமாகும் நோயாளியிடம் முதலில் மாறும் எண்களில் இது ஒன்று, அதிகம் கண்டுகொள்ளப்படாததும் இதுவே. ஆக்சிஜன் இலக்கு பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. ஆனால் கண்முன்னே மூச்சு நின்றுவிடும் நிலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் வைத்துவிட்டு, நிலை தேறியபின் குறையுங்கள்.

சி என்பது ரத்த ஓட்டம். நாடியைப் பிடிக்கும்போதே கை சில்லென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விட்டால் நிறம் 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். பிபி நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இளம் வயதுக்காரர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 30 சதவீத ரத்தம் போகும் வரை பிபி தாக்குப்பிடிக்கும், அதற்கு முன்பே பல்ஸ் ஏறியிருக்கும். முதியவர் பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவராக இருந்தால் அந்தப் பல்ஸும் ஏறாது. வழக்கமாக 170 இருக்கும் ஒருவருக்கு 110 என்பது நல்ல பிபி இல்லை. ரத்த ஓட்டம் குலைந்து ஷாக்கில் இருப்பவருக்கு, நரம்பில் செருகும் கேனுலா குழாய் கனமானதாக இரண்டு வேண்டும், சாம்பல் நிற 16 அல்லது குறைந்தது பச்சை 18. நீல 22-ஐப் போட்டுவிட்டு ரத்தம் வேகமாக ஏறவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

டி என்பது நினைவு. கண்மணிகளைப் பாருங்கள், சுகர் பாருங்கள். நினைவு தடுமாறினாலும், வலிப்பு வந்தாலும், ஒரு பக்கம் கைகால் விழுந்தாலும் சுகர் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. 70-க்குக் கீழே என்றால் அங்கேயே சரிசெய்யுங்கள். 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த நினைவு அளவுகோலைச் சொல்லும்போது மொத்த எண்ணை மட்டும் சொல்லாமல் கண் 2, பேச்சு 3, அசைவு 5 என்று பிரித்துச் சொல்லுங்கள். மிகக் குறைந்தது 3, பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. 8-க்கு வந்துவிட்டால் தன் சுவாசப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்று எடுத்துக்கொண்டு ஆள் கூப்பிட வேண்டும்.

இ என்பது உடையை விலக்கி முழுதாகப் பார்ப்பது. முதுகு, அக்குள், தொடை இடுக்கு. கத்திக்குத்து வாங்கியவரின் முன்பக்கக் காயத்தைத் தைத்துவிட்டு முதுகைப் பார்க்காமல் விடுவது எங்கும் நடப்பதுதான். தோலில் ஒட்டியிருக்கும் வலி மருந்துப் பட்டை, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல், எல்லாம் இங்கேதான் சிக்கும். பார்த்ததும் போர்த்திவிடுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, மானமும் இருக்கிறது.

இ முடிந்ததும் மறுபடி ஏ. மருந்து கொடுத்து 10 நிமிடம் ஆகியும் மாற்றம் இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

அவசரம் இல்லாதவரிடம் கதை கேட்கும்போது

முதல் ஒரு நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு ஒவ்வாமை, போடும் மாத்திரைகள், பழைய நோய்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று வரிசையாகக் கேட்கலாம். நான் எல்லோரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: “ஒரு மாசமா வலின்னு சொல்றீங்க, இன்னைக்கு ஏன் வந்தீங்க?” முதலில் சொன்ன கதையில் இல்லாத மயக்கமும் கறுத்த மலமும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வெளியே வரும்.

கடிகாரம் ஓடும் நோய்கள்

மார்புவலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. நீங்கள் வேறு நோயாளியிடம் இருக்கும்போது ஒருவர் வந்து தாளை உங்கள் முகத்துக்கு முன்னால் நீட்டி, “டாக்டர், ஒரு சைன்” என்பார். அங்கேயே நிறுத்துங்கள். யாருடையது, என்ன வயது, இப்போது வலி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு மாரடைப்பில் மாறும் எஸ்டி பகுதியை ஒவ்வொரு லீடாகப் பாருங்கள். பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தாளோடு சீனியரிடம் நடந்து போங்கள், பார்க்காமல் மட்டும் கையெழுத்து வேண்டாம். முதல் ஈசிஜி இயல்பாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். மாரடைப்பு என்று பட்டு, ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்வது பரவலான வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் மார்புவலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ வாந்தியாகவோ மாரடைப்பு வரலாம்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டியது, “எப்ப விழுந்தார்?” அல்ல, “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால் இரவு படுக்கப்போன நேரம்தான் கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு 4.5 மணி நேரம்தான் வழக்கமான எல்லை. பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். எனவே தாமதமாக வந்தார் என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடாதீர்கள். சுகர் பாருங்கள், சிடி ஸ்கேனுக்குச் சொல்லுங்கள், அழைக்க வேண்டியவரை அழையுங்கள், மூன்றும் ஒரே மூச்சில்.

தொற்றால் பிபி விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும். அதற்கு முன் கிருமியைக் கண்டறியும் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிடுங்கள், ஆனால் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இருக்காது. உடம்பு சில்லிட்டு, குழப்பமாகப் பேசுவதுதான் அறிகுறியாக இருக்கும்.

கடுமையான ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடி. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவையுங்கள், திடீரென்று எழுந்து உட்கார விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரலாம். ஒவ்வாமை மருந்தான அவில், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் பிறகு, அவை உயிரைக் காப்பாற்றுவதில்லை. அட்ரினலின் இரண்டு செறிவில் வரும் என்பதையும் கவனியுங்கள். 1 மி.லி.யில் 1 மி.கி. இருப்பது தசைக்கு. 10 மி.லி.யில் 1 மி.கி. இருப்பது இதயம் நின்றவருக்கு நரம்பில் போட. ஆம்பூலைக் கையில் எடுத்ததும் சிஸ்டரும் நீங்களும் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள்.

ஏமாற்றும் கேஸ்கள் சில. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகச் சிறுநீரகக் கல் வலி என்று வந்தால், மகாதமனி வீங்கி வெடிக்கவில்லை என்று உறுதி செய்யும் வரை அதைக் கல் என்று எழுதாதீர்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் வயிற்றுவலியோடோ மயக்கத்தோடோ வந்தால், கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் பார்க்காமல் கர்ப்பப் பரிசோதனை. பையன் அடிவயிற்றுவலி என்று வந்தால் விதைப்பையையும் பார்த்தே ஆக வேண்டும். கூச்சத்தில் அவன் சொல்ல மாட்டான், முறுக்கிக்கொண்ட விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு முதல் 6 மணி நேரம்தான். குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பவருக்குத் தலையில் அடியும் இருக்கலாம், சுகரும் குறைந்திருக்கலாம். விழுந்துவிட்டதாக வரும் முதியவரிடம் எலும்பை மட்டும் பார்க்காமல், ஏன் விழுந்தார் என்று கேளுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். வேகமாக மூச்சு வாங்கும் இளைஞரைப் பதற்றம் என்று முத்திரை குத்தும் முன் சுகரையும் சாச்சுரேஷனையும் பார்த்துவிடுங்கள்.

சீனியரை அழைப்பது

முதல் நாள் டியூட்டியில் இதைவிட முக்கியமான திறமை கிடையாது. தொந்தரவு செய்கிறோமோ, இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்ற தயக்கத்தில் கை போன் பக்கம் போகாது. எந்தச் சீனியரும் தேவையில்லாமல் அழைத்ததற்காக ரொம்ப நாள் கோபித்துக்கொண்டதாகப் பார்த்ததில்லை. ஏன் அப்போதே அழைக்கவில்லை என்ற கேள்விதான் வருடக்கணக்கில் துரத்தும். எழுத்து வரிசையில் எங்கே கோளாறு இருந்தாலும், நீங்கள் கொடுத்த மருந்துக்கு மசியாவிட்டாலும், சிஸ்டர் கவலைப்பட்டாலும், உங்களுக்கே காரணம் தெரியாமல் வயிற்றைக் கலக்கினாலும் அழையுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம். “சார், ஒரு பேஷண்ட் வந்திருக்கார், ரெண்டு நாளா காய்ச்சல், நேத்து ஒரு கிளினிக்ல காட்டினாராம், அங்க ஏதோ மாத்திரை…” என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் கேட்பவருக்கு இது அவசரமா இல்லையா என்று கடைசி வரை புரியாது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு வரிசை உண்டு. இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு வேண்டியது. அதன்படி இப்படி:

“சார், எமர்ஜென்சி ஜூனியர் பேசறேன். ரெசஸ்ல 58 வயசு ஆண், நிலை மோசம், நீங்க இப்பவே வந்து பார்க்கணும். பிபி 82-க்கு 46, பல்ஸ் 124, மூச்சு 28, சாச்சுரேஷன் 95, கொஞ்சம் குழப்பமா பேசறார். சர்க்கரை நோயாளி, ரெண்டு நாளா காய்ச்சலும் நீர் எரிச்சலும். சிறுநீர்த் தொற்றால வந்த செப்டிக் ஷாக்னு நினைக்கிறேன். ரெண்டு கேனுலா போட்டாச்சு, கல்ச்சர் எடுத்தாச்சு, சலைன் ஓடுது, ஆன்டிபயாடிக் இப்ப போயிட்டிருக்கு. நீங்க வர்ற வரைக்கும் வேற என்ன செய்யட்டும்?”

வர வேண்டும் என்பது முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட்டது பாருங்கள். அழைக்கும் முன் சார்ட், மருந்துப் பட்டியல், ரத்த முடிவு எல்லாம் கையில் இருக்கட்டும். சீனியர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பேசிய நேரத்தையும் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவர் வர முடியாமல் வேறு அறையில் மாட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு மேலே உள்ளவரை அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரத்தம் எடுப்பது, லேபிள் ஒட்டுவது

ரத்தக் குழாயில் பெயர் எழுதுவது கட்டிலருகிலேயே, நோயாளி வாயால் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லவைத்து. மேசைக்குக் கொண்டுபோய் எழுதலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வது, வெறும் குழாயில் முன்கூட்டியே லேபிள் ஒட்டிவைப்பது, இரண்டும் கூடாது. ரத்த வகை பார்க்கும் குழாயில் ஆள் மாறினால் தவறான ரத்தம் ஏறிவிடும். கல்ச்சர் பாட்டிலை முதலில் நிரப்புங்கள், ஊதா மூடிக் குழாயைக் கடைசிப் பக்கம் தள்ளுங்கள். ஒரு குழாயில் குறைகிறதே என்று ஊதாவிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால், அதில் இருக்கும் பொட்டாசியம் உப்பு கலந்து பொட்டாசியம் பயங்கரமாக ஏறியும் கால்சியம் இறங்கியும் முடிவு வரும், எல்லோரும் அலறியடித்து ஓடுவார்கள். முடிந்ததும் ரத்தம் எடுக்கக் கையில் கட்டிய பட்டையைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், சட்டைக் கைக்குள் மறைந்து மறந்தே போகும்.

இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றால் மூன்றாவதற்கு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் ஊற்றிக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. டியூட்டி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் வேண்டாம்.

இதயம் நின்றவர் வந்தால்

முதல் நாளில் நீங்கள் தலைமை தாங்கப்போவதில்லை. மார்பை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். சுவாசக் குழாய் போடும் வரை 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. 2 நிமிடத்தில் ஆள் மாறிவிடுங்கள், களைப்பில்லை என்று தோன்றினாலும் ஆழம் குறைந்திருக்கும். அழுத்துகிறவர் நிறைய இருந்தால் நேரம் குறிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்ரினலின் 1 மி.கி. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, மின் ஷாக் கொடுத்த நேரம், நாடி பார்த்த நேரம், எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லி எழுத ஒருவர் வேண்டும். வேலையில்லாமல் சுற்றி நிற்பவர்கள் வெளியே போவதும் உதவிதான்.

முடிவில் உறவினர்களிடம் சொல்லச் சீனியர் போகும்போது கூடவே போய் நில்லுங்கள், பேச வேண்டாம். எங்கே உட்காருகிறார், எந்த இடத்தில் நிறுத்தி அழ விடுகிறார், இறந்துவிட்டார் என்பதைச் சுற்றி வளைக்காமல் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள்.

உடன் வந்தவர்கள்

கோபப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களின் கோபம் தாமதத்தின் மேல் அல்ல, என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாததன் மேல். “ரத்த முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை வலிக்கு மருந்து போட்டிருக்கிறோம்” என்ற ஒரு வரிக்கு நல்ல பலன் உண்டு. குரல் ஏறி, கை நீளும் என்று பட்டால் வாக்குவாதம் வேண்டாம். கதவு உங்கள் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு காவலரை அழையுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவது

சேர்ப்பதைவிட அனுப்புவதுதான் கஷ்டமான முடிவு. முதல் நாளில் சீனியரிடம் காட்டாமல் யாரையும் அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் பல்ஸ், பிபி, மூச்சு, சாச்சுரேஷன், காய்ச்சல் எல்லாம் மறுபடி பார்த்து எழுத வேண்டும். பல்ஸ் இன்னும் 115 இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால் அவர் போகக் கூடாது. எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டிலில் படுத்திருக்கும்போது 96 காட்டிய சாச்சுரேஷன் பத்து அடி நடந்ததும் 88-க்கு விழலாம். எதெல்லாம் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். தலையில் அடிபட்டவர் என்றால் திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம். வீட்டில் துணைக்கு ஆள் உண்டா என்றும் கேளுங்கள்.

இடையிடையே

குறிப்புகளை அப்போதைக்கப்போது, நேரம் போட்டு எழுதுங்கள். பிற்பாடு வழக்கு, விசாரணை என்று வந்தால் எழுதியது மட்டும்தான் பேசும். அடிதடி, விஷம், விபத்து போன்றவற்றில் காவல்துறைக்குத் தகவல் தரும் விதி உங்கள் நாட்டில் எப்படி என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். பசியோடு மருந்துக் கணக்குப் போடும் டாக்டரால் யாருக்கும் லாபம் இல்லை.

கைமாற்றுவது

டியூட்டி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது புதுக் கேஸ் எடுப்பதைக் குறைத்து, உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு சுற்று பாருங்கள். அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது மோசமானவர் முதலில். ஒவ்வொருவருக்கும் என்ன பிரச்சினை, எந்த முடிவுக்காகக் காத்திருக்கிறோம், அது இப்படி வந்தால் என்ன, அப்படி வந்தால் என்ன. “ஸ்கேன் வரணும்” என்பது கைமாற்றல் ஆகாது. “ஸ்கேன் பத்து மணிக்கு வரும், ரத்தக்கசிவு இருந்தால் நரம்பியல் அறுவை டாக்டரை அழைக்கணும், இல்லையென்றால் வார்டுக்கு” என்பதுதான் கைமாற்றல். ரெசஸில் இருப்பவர்களைக் கட்டிலருகே போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

இரவு டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள், கொஞ்சம் படுத்து எழுந்தோ வேறு ஆளோடோ போங்கள். கிளம்பும் முன் பாக்கெட்டைத் துழாவிப் பாருங்கள். மயக்க மருந்து அலமாரியின் சாவி உள்ளே இருந்தால், பாதி வழியில் போன் வரும்.